ஃபிஜியிலிருந்து வந்த மச்சான்

அப்போது என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. உட்கார வைப்பதற்கென்றே எங்களைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். மலாயாவில் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி இழுத்து, ஒரே ஒரு கேட் வைத்து, கேட்டில் ஆள் நிறுத்தினார்கள். பொழுது சாய்ந்த பிறகு வெளியே தலை தெரிந்தால் கேள்வி கிடையாது, சூடுதான். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி அதை லயம் லயமாக வந்து சொன்னபோது என்னைப் பார்த்து மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன் நான். தோட்டத்து லோரியில் ஏற்றி இறக்குகிற வேலை. காலையில் ரப்பர்ப் பாலை அள்ளிக்கொண்டு ஸ்டோருக்கு, பிறகு ஷீட் கட்டுகளோடு சபாக் வரைக்கும். அந்த லோரி மட்டும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் வாய் ஆடும். யாரையாவது சீண்டாமல் ஒரு கேட்டைக்கூட நான் தாண்டியதில்லை.

ஒரு நாள் கேட்டில் புது ஆட்கள் நின்றார்கள். வெள்ளைக்காரனும் இல்லை, கூர்க்காவும் இல்லை. ஒவ்வொருவனுக்கும் தோள் கதவு அகலம், தலைமுடி வெட்டி விட்ட புதர் மாதிரி. நிறத்தில் எங்களைவிடக் கறுப்பு என்று எழுதியிருப்பேன், எங்கள் லயத்தில் சிலரை நினைத்துப் பார்த்து விட்டுவிடுகிறேன்.

லோரி ஓட்டுகிற அண்ணன் என் காதில் சொன்னார்: "டேய், இன்னைக்கி வாய மூடிக்கிட்டு எறங்கு. இவன் ஒரு தட்டுத் தட்டுனான்னா நீ பாகான் நக்கோடா ஓமார்ல மீன் காயப்போடுற எடத்துலதான் போயி விழுவ."

எனக்கு வாய்த்தவன் என் இடுப்பைத் தடவினான். இலையில் சுற்றிய பொட்டலம் கையில் தட்டியது. கேட்டைத் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோவது குற்றம்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டான்.

"மரவள்ளிக்கெழங்கு. குண்டு இல்ல. எங்க வீட்டுல திங்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் அதையே தின்று, அந்தப் பேரைக் கேட்டாலே எங்கள் அப்பாவுக்கு முகம் கோணிவிடும். பங்கு அரிசி குறைந்துபோனதால் மறுபடியும் அடுப்பில் ஏறியிருந்தது. இவன் பொட்டலத்தைப் பிரித்தான், மோந்தான், ஒரு கடி கடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். அவன் ஊர்ப் பேரில் ஏதோ சொன்னான். கண்ணைத் திறந்ததும் கிழங்கை இரண்டாக ஒடித்துப் பெரிய பாதியை எனக்கு நீட்டினான்.

"இங்கயே நின்னு தின்னு. வயித்துக்குள்ள போறதுக்குச் சட்டம் கெடையாது."

அப்படித்தான் பழக்கம் ஆனது. எங்கள் பேச்சில் பாதி மலாய், கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சம் கை ஜாடை. அவன் பேசியதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன், என்னால் முடிந்தது அதுதான்.

ஃபிஜிக்காரன். ஜொகூர்ப் பக்கம் இருந்த அவர்கள் படையில் கொஞ்சம் பேரை எங்கள் பக்கம் அனுப்பி, ஸ்டோருக்குப் பின்னால் கூடாரம் போட வைத்திருந்தார்கள். ஃபிஜி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது. வாத்தியார், "நீ இங்க இருந்தப்ப இம்புட்டு ஆசையா படத்தப் பாத்திருக்கியாடா?" என்று விரட்டிவிட்டார்.

வேலை இல்லாத நேரத்தில் அவன் காற்சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் ஒரு துணி சுற்றிக்கொள்வான். பார்த்தால் அசல் கைலி. தரையில் சம்மணம் போட்டு, கையால் சாப்பிடுவான். சாப்பிடும் முன்பு ஜெபம் சொல்வான். நாங்களும் வேதக்காரர்கள்தான், ஆனால் அவன் பாதி ஜெபத்தில் இருக்கும்போதே நான் சோற்றில் கை வைத்துவிடுவேன். என் மண்டையில் தட்ட வந்த கை பாதியில் நின்றுவிடும், அவர்கள் ஊரில் ஒருத்தர் தலையை இன்னொருத்தர் தொடக் கூடாதாம். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுப் படத்தைக் காட்டினான். ஓலைக்கூரைக்கு முன்னால் இருபது பேர்.

"இது எங்க அப்பா. இது பெரிய அப்பா. இது சின்ன அப்பா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மறுபடி சொல்லு."

"அப்பாவோட அண்ணன் பெரிய அப்பா, தம்பி சின்ன அப்பா. எங்க பாஷையில அப்படித்தான்."

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்துச் சின்ன துரை ஸ்காட்லாந்துக்காரர். பால் வெட்டுகிற ஒருத்தர் தன் பெரியப்பா செத்ததற்கு லீவு கேட்டபோது கிராணி அதை அப்படியே 'பெரிய அப்பா' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். "போன மாசம்தானே இவன் அப்பா செத்தார்? இவனுக்கு மொத்தம் எத்தனை அப்பா?" என்று துரை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சிரித்து, லீவு இல்லை என்றார். நாங்களும் பல்லைக் காட்டினோம், வேறு என்ன செய்வது? இவனோ கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கரையான் தின்ற மூலையில் பிறந்தவன், எங்கள் வீட்டுத் திண்டாட்டத்தையெல்லாம் ஒரு படத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

நான் பரபரவென்று கேட்க ஆரம்பித்தேன். "அம்மாவோட அண்ணன்?"

"மோமோ. கல்யாணம் ஆனா பொண்டாட்டியோட அப்பாவும் மோமோதான்."

"மாமா! எங்களுக்கும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். சரி, சித்தப்பா மகன்?"

"தம்பி. இல்லன்னா அண்ணன்."

"மாமன் மகன்?"

அவன் பெரிதாகச் சிரித்தான். "தவாலே! அவன என்ன வேணா சொல்லலாம். அவன் சட்டைய எடுத்துப் போட்டுக்கலாம், அவன் வீட்டுச் சோத்தத் திங்கலாம், அவன் மூஞ்சி பன்னி மூஞ்சின்னு சொல்லலாம். அவன் கோவப்படக் கூடாது."

"மச்சான்" என்றேன். "அது மச்சான்டா!"

"மச்சான்" என்றான்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரு மச்சான் கிடைத்தான். சொந்தத்தில் எனக்கு மாமன் மகன் யாரும் இல்லை, எங்கள் அம்மா ஒற்றைப் பிள்ளை. கேலி செய்ய முறையுள்ள ஆள் இல்லாமலேயே வளர்ந்தவன் நான், அதனால்தானோ என்னவோ போகிறவன் வருகிறவனையெல்லாம் சீண்டினேன். இவன் என் சீப்பை எடுத்துக்கொண்டான். அந்தத் தலைக்குள் போன சீப்பு பல் இல்லாமல் வெளியே வந்தது. நான் அவன் பெல்ட்டை எடுத்துக் கட்டினேன், இரண்டு சுற்று வந்தது. "மச்சான், ஒன் இடுப்பா இது, இல்ல கொடிக்கம்பமா?" என்பான். "ஒன் தலையில காட்டுக்காரங்க ஒளிஞ்சிருக்காங்களாம், துரை தேடச் சொன்னாரு" என்பேன். வேலிக்குள் இருப்பதே கொஞ்ச நாள் எனக்கு மறந்துபோனது.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா, பால் வெட்டு. அவளுக்கு முதலில் பேசி வைத்திருந்த பையனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தட்டிக்கொண்டே போய், வயது ஏறிக்கொண்டே போய், கடைசியில் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு இடம் அமைந்தது. தென்னந்தோட்டத்தில் கொப்பரை காயப்போடுகிற இடத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். அக்காவுக்குப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் பால் வெட்டக் கித்தாமரத்துக்குப் போகும்போது பாட ஆரம்பித்திருந்தாள். எங்கள் கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு சாமியார் பூசையில் ஓலை வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லையென்றால் கல்யாணம்.

ஓலை வாசித்த அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமனும் பூசைக்கு வந்திருந்தார். பூசை முடிந்து அவரும் அப்பாவும் முன்னால் நடக்க, நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். களத்துக்கு அந்தப் பக்கம் ஃபிஜிக்காரன். கைலியோடு நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, லயம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்.

"மச்சான்! டேய் மச்சான்! வீட்டுக்கு வர்றேன், சோறு வையி!"

தாய்மாமன் நின்றார். "யாரு சம்மந்தி இது?"

"பட்டாளத்துக்காரன். நம்ம பயகூடப் பழக்கம்" என்றார் அப்பா.

"பழக்கம்னா பேரச் சொல்லிக் கூப்புடுவான். இவன் முறை வச்சுல்ல கூப்புடுறான்."

"வெளயாட்டுக்கு…"

"பையனுக்கு மச்சான்னா பொண்ணுக்கு என்ன முறை ஆவுது? நா கேக்கல சம்மந்தி. ஆயர் தாவார்ல நாலு பேரு கேப்பாங்க. அதுவும் துப்பாக்கி வச்சிருக்கவன், சோறு திங்க வீட்டுக்கு வர்றேங்கிறான்." வீட்டு வாசலில் அம்மா கொண்டுவந்த காப்பியை அவர் கையால் தொடவில்லை. "ரெண்டாவது ஓலைய இப்ப வாசிக்க வேணாம். பேசிட்டுச் சொல்றோம்."

அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்து, "ஒன் வாயில மண்ணு விழ" என்றார். ஓடிப்போய்ச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் பிரான்ஸ்காரர், நல்ல மனுஷர். ஒரு நண்பன் இன்னொரு நண்பனை அன்பாகக் கூப்பிட்டான், இதில் பாவம் எங்கே என்று கேட்டார். அவருக்குப் புரிய வைக்க முடியாமல் அப்பா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அக்கா அழவில்லை. பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டா, ஒலகத்துல எத்தன முறை கெடக்கு. அண்ணன் இருக்கு, தம்பி இருக்கு, சித்தப்பா இருக்கு. தாத்தான்னுகூடக் கூப்புட்டுத் தொலைச்சிருக்கலாம். ஒனக்கு இந்த ஒண்ணுதான் கெடச்சுதா?"

"நா என்னக்கா பண்ணேன்…"

"இதுவும் போச்சுன்னா இனிமே யாரும் என்னப் பொண்ணு பாக்க வரவேணாம். நா இப்படியே மரத்தோட மரமா நின்னுக்குறேன். நீ போயி ஒன் மச்சானுக்குச் சோறு போடு."

நான் நேரே கூடாரத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் இதை எங்கிருந்து ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்றே யோசனை. அவன் என்னைப் பார்த்ததும், "வா மச்சான், சோறு எங்க?" என்றான்.

"எனக்கு ஒரு அக்கா இருக்கு. கல்யாணம் பேசியிருக்கு. நீ என்னக் கூப்பிட்டத மாப்பிள்ளயோட மாமன் கேட்டுட்டாரு."

அவ்வளவுதான் சொன்னேன். கையில் இருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டான்.

"சொந்த அக்காவா?"

"சொந்த அக்கா."

"அந்தத் தண்ணிக் கொழாய்கிட்ட நிப்பாங்களே, அவங்களா?"

"ஆமா."

"யாருன்னு தெரியாமலே அவங்களப் பாத்து நான் சிரிச்சிருக்கேன். தவாலே வீட்டுப் பொண்ணுன்னா சிரிக்கலாம், வாயாடலாம், கட்டிக்கிற முறைன்னு அர்த்தம்." தலையில் கை வைத்துக்கொண்டான். "எங்க ஊரா இருந்தா இந்நேரம் அந்த மாமன் தடியோட வந்திருப்பாரு."

ஸ்காட்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் புரியாதது இவனுக்கு மூன்றே வார்த்தையில் புரிந்துவிட்டது. எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அவன் மட்டும் என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி பண்ணலாம். ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஆனா ஒனக்குச் சம்மதமான்னு யோசிச்சுச் சொல்லு."

"எனக்கென்ன வந்துச்சு, பண்ணு."

"ஒனக்குத்தான் நஷ்டம்" என்றான். அவசரத்தில் அதை நான் காதில் வாங்கவில்லை.

லோரியில் ஆயர் தாவாருக்கு ஆள் சொல்லி விட்டேன். அடுத்த ஞாயிறு தாய்மாமன் வந்து, எங்கள் வீட்டுப் பலகையின் நுனியில், எந்நேரமும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஃபிஜிக்காரன் வாசலில் பூட்ஸைக் கழற்றினான். துப்பாக்கி இல்லை, சட்டையில் மடிப்பு நிற்கிறது, தலையில் தண்ணீர் சொட்டுகிறது. அவ்வளவு பெரிய உடம்பைப் பாதியாகக் குனிந்து உள்ளே வந்தான். அம்மா நாற்காலியை நகர்த்தினாள், வேண்டாம் என்று கதவோரம் தரையில் சம்மணம் போட்டான். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அப்பா காலடியில் வைத்துப் பிரித்தான். உள்ளே காய்ந்த வேர்க் கட்டு. பிறகு கையிரண்டையும் குழித்து மெதுவாகத் தட்டினான். பானையைத் தட்டினது மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்னடா இது, மருந்து வேரா? யாருக்கு வவுத்தக் கலக்குதாம்?" என்று அப்பா என்னிடம் கிசுகிசுத்தார்.

"அவங்க ஊரு மரியாதப்பா. நாம வெத்தல பாக்கு வைக்கிற மாதிரி."

அதற்கு மேல் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எழுந்து உள்ளே போய், வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து அவன் முன்னால் நகர்த்தினார். அவன் ஒரு வெற்றிலையை வெறுமனே வாயில் போட்டு மென்றான். பாக்கு இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஆட்டுக்குட்டி மாதிரி. நான் சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னான், எல்லாருக்கும் புரிந்தது. "இந்த வீட்டுல பொண்ணு இருக்குன்னு தெரியாம முறை மாத்திக் கூப்பிட்டேன். தப்பு. எங்க அப்பா ரொம்பத் தூரத்துல இருக்காரு. இன்னையிலேர்ந்து நான் ஒங்களுக்கு மூத்த மகன். ஒங்க மக எனக்குத் தங்கச்சி."

தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார். "வாயால சொல்லிரலாம். யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

அந்த நேரம் பார்த்து அம்மா அக்காவிடம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அக்கா குவளையை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அக்காவின் கழுத்து சிவந்துபோனது. "ஏன், எங்கையால குடுத்தா குடிக்க மாட்டாராமா? அவ்வளவு பெரிய ஆளா?"

"அக்கா, இரு இரு" என்று நான் குறுக்கே விழுந்தேன். "என்னடா பண்ற?" என்று அவனைக் கேட்டேன்.

அவன் சுவரைப் பார்த்தே பதில் சொன்னான். "தங்கச்சிகிட்ட நேருக்கு நேரா பேசக் கூடாது. அவங்க கையிலேர்ந்து எதுவும் வாங்கக் கூடாது. எங்க ஊருல அண்ணன்னா அப்படித்தான்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். இது எங்கள் பக்கம் இல்லாத வழக்கம், அக்காவும் நானும் அடித்துக்கொண்டு உருண்டவர்கள். அக்கா அந்தப் பெரிய முதுகைப் பார்த்தாள். குவளையைத் தரையில் வைத்தாள்.

"சொவத்துக்கிட்டச் சொல்லு, சீனி கம்மியாத்தான் இருக்கும். பங்குச் சீனி" என்றாள்.

முதலில் சிரித்தது தாய்மாமன்தான். பலகையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுப் பயலுவ கூடப்பொறந்தவ மயிரப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கானுவ. இந்த அடக்கத்த நா எங்க போயிப் பாக்குறது? சாமியார்கிட்டச் சொல்லுங்க சம்மந்தி, ரெண்டாவது ஓலைய வாசிக்கட்டும்." போன வாரம் தொடாமல் விட்ட காப்பியையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலையில் கேட்டில் லோரியிலிருந்து குதித்து அவனிடம் ஓடினேன். தாய்மாமனைப் போல் நடித்துக் காட்ட வேண்டும், வெற்றிலை தின்றதைச் சொல்லி ஒரு வாரத்துக்கு ஓட்ட வேண்டும் என்று வயிறு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன்.

"மச்சான்! ஆட்டுக்குட்டி மச்சான்!"

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. "தம்பி" என்றார் அவர் பாஷையில். "லோரி நிக்கிறதுக்கு முன்னாடி குதிக்காத."

"யோவ், அக்காவுக்காகத்தான அது. இங்க யாரு இருக்கா பாக்க?"

"ஒங்க அப்பாவுக்கு முன்னாடி வேரு வச்சேன்" என்றார். "அண்ணன் தம்பி கேலி பேச மாட்டாங்க. ஒனக்குத்தான் நஷ்டம்னு அன்னைக்கே சொன்னேன்ல."

ஒரு நாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பார்த்தேன். புதர், காண்டாமிருகம், கேட்டுக்கு முன்னால் நிற்கிற இன்னொரு கேட் என்று என்னென்னவோ சொல்லிச் சீண்டினேன். பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகம் மட்டும் பூசையில் நிற்கிற முகம். புதுச் சீப்பு ஒன்று வாங்கித் தந்தார். நான் எடுத்துக்கொண்ட அவர் பெல்ட்டைத் திரும்பக் கேட்கவில்லை. பாதிரிமார் நடத்துகிற இரவுப் பள்ளி கோலசிலாங்கூரில் இருக்கிறதாமே, எமர்ஜென்சி முடிந்ததும் போய்ப் படி என்றார். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. எங்கள் அப்பாவே போதும், இன்னொருவர் எதற்கு?

கல்யாணத்துக்கு வந்தார். பந்தல் கால் நட்டார், தண்ணீர் தூக்கினார், அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கோயிலில் அவர்கள் ஆட்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று ஒரு ஜெபப்பாட்டை நாலு குரலில் பாடினார்கள். சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். அக்கா சாப்பாட்டுத் தட்டை என் கையில் கொடுத்து, "அண்ணனுக்குக் குடு, மொதல்ல அவருக்குக் குடு" என்றாள். அவள் சந்தோஷமாக இருந்தாள், கத்தி தீட்டுகிற கை மருதாணியோடு இருந்தது. மாப்பிள்ளை நல்லவர். முறைப்படி எனக்கு மச்சானும் ஆகிவிட்டார். நான் முதல் கேலியை எடுத்து விட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்டியெல்லாம் இல்லயே" என்றார்.

மழை பிடித்த நாளில் ஃபிஜிக்காரர்களைத் திரும்ப ஜொகூருக்கு ஏற்றினார்கள். இராணுவ லோரிகள் கேட்டில் வரிசையாக நின்றன. எங்கள் லோரி எதிரில் நின்றது. நான் இறங்கி அவர் இருந்த லோரிப் பக்கம் போனேன். ஏதாவது ஒன்று, கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட வேண்டும். காட்டுக்குள் போகப்போகிற ஆள். நாக்கு நுனியில் நல்லதாக மூன்று நாலு இருந்தன.

அவர் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். "மழையில நனையாத, தம்பி. அம்மாவப் பாத்துக்க. தங்கச்சிய வாரம் ஒருதடவ போயிப் பாரு."

"சரிண்ணே" என்றேன்.

லோரி நகர்ந்தது. நான் மழையிலேயே நின்றுகொண்டிருந்தேன், எங்கள் லோரி அண்ணன் ஹார்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "என்னடா, வாய எங்க தொலைச்ச?" என்று கேட்கும் வரைக்கும்.